சம்பளச் சீட்டில் இருக்கிறது, கணக்குச் சீட்டில் இல்லை

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை நான். 2011-இல் சேர்ந்தேன். சி.பி.எஸ். (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்) ஆண்டுக் கணக்குச் சீட்டில் இரண்டு மாதப் பிடித்தத்தைக் காணோம். அரசின் பங்காவது ஏறியிருக்குமா? மாதம் ரூ.300 பிடிக்கும் மருத்துவக் காப்பீடு மாமியாருக்கு உதவுமா, தனியாகப் பாலிசி எடுக்கணுமா?

பதில்: ஏறியிருக்காது. 1.4.2003-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி அதில் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். அதே அளவு அரசும் போடுகிறது. வீட்டு வாடகைப்படி இதில் சேராது. அடிப்படை 60,000, அகவிலைப்படி 30,000 என்றால் உங்கள் பங்கு 9,000, அரசின் பங்கு 9,000. உங்கள் தொகை பதிவானால்தான் அரசின் தொகையும் வரும். ஆக, இரண்டு மாதம் விடுபட்டால் போவது 18,000 அல்ல, 36,000, வட்டி தனி.

புகாருக்கு முன் ஒன்றைப் பாருங்கள். மார்ச் சம்பளம் ஏப்ரலில்தான் வரும். எனவே அது அடுத்த நிதியாண்டுச் சீட்டில் இருக்கும். அதைக் கழித்தும் குறைந்தால்தான் உண்மையான விடுபடல். பெரும்பாலும் சி.பி.எஸ். எண்ணில் ஒரு இலக்கம் பிசகியிருக்கும், அல்லது அகவிலைப்படி நிலுவைப் பட்டியலில் பிடித்தத்தை வேறு கணக்குத் தலைப்பில் போட்டிருப்பார்கள். உதவி பெறும் பள்ளிகளில் நியமன ஒப்புதல் தாமதமாகி மொத்தமாக வரும் நிலுவைச் சம்பளத்திலும் இது அடிக்கடி நடக்கிறது.

அரசு ஊழியர்களின் சம்பள விவரம் இருக்கும் களஞ்சியம் செயலியில் அந்த மாதச் சம்பளச் சீட்டை எடுங்கள். சம்பளப் பட்டியல் பாஸான தேதி, டோக்கன் எண், வவுச்சர் எண் ஆகியவற்றைப் பள்ளி அலுவலகத்தில் வாங்கி, தாளாளர், கல்வி அலுவலர் வழியாக, பட்டியல் பாஸான கருவூலத்துக்கு எழுத்தில் கொடுங்கள். நகலில் ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். ஓய்வுக்கு முந்தைய மாதம் தேடினால் பழைய வவுச்சர் கிடைப்பது குதிரைக் கொம்பு. 2026 ஜனவரியில் அரசு அறிவித்த உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்திலும் ஊழியரின் 10 சதவீதம் தொடர்கிறது. கணக்கைச் சரிபார்ப்பதை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

காப்பீட்டில் மாமியார் வரமாட்டார். கணவர், வேலைக்குப் போகாத, மணமாகாத, 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், இவ்வளவுதான். பெற்றோர்கூட மணமாகாத ஊழியருக்கு மட்டும். மாமியாரே அரசு ஓய்வூதியம் வாங்குபவரானால் ஓய்வூதியருக்கான காப்பீட்டுத் திட்டம் தனியாக உண்டு. இல்லையென்றால் பாலிசி எடுப்பதே வழி. சர்க்கரை, ரத்த அழுத்தத்தை மறைத்து விண்ணப்பம் நிரப்பச் சொல்லும் ஏஜெண்டை நம்பாதீர்கள். சிகிச்சைப் பணம் கேட்கும்போது காப்பீட்டு நிறுவனத்தார் அதைக் காட்டியே மறுப்பார்கள். முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு (உச்சவரம்பு 3 ஆண்டு) என்று பார்த்து ஒப்பிடுங்கள்.

உங்களுக்கே சிகிச்சை என்றால், திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறுமுன் அந்த மருத்துவமனை உங்கள் காப்பீட்டுத் திட்டப் பட்டியலில் உண்டா என்று பாருங்கள். அவசரத்தில் பட்டியலில் இல்லாத இடத்தில் சேர்ந்துவிட்டால் அசல் பில்கள், டிஸ்சார்ஜ் சம்மரியோடு நாகர்கோவிலில் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். ஆட்சியர் தலைமையிலான குழு முடிவு செய்யும்.