'ட்சிம்மர்மன்' என்ற ஜெர்மன் சொல்லில் 'அறை' எங்கிருந்து வந்தது?

ஜெர்மனில் 'ட்சிம்மர்' என்றால் அறை, 'மன்' என்றால் ஆள். அப்படியிருக்க, தச்சரைக் குறிக்கும் 'ட்சிம்மர்மன்' என்ற கூட்டுச்சொல்லுக்கு 'அறைக்காரர்' என்று ஏன் பொருள் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் இங்கே பொருள் மாறியது தொழிற்பெயரில் அன்று, 'ட்சிம்மர்' என்ற சொல்லில்தான்.

இன்றைய ஜெர்மனின் முற்கால வடிவமான பழைய உயர் ஜெர்மனில் 'ட்சிம்பர்' என்றிருந்த அச்சொல், கட்டுமான மரத்தையும் மரத்தாலான கட்டடத்தையும் குறித்தது. ஆங்கிலத்தின் 'டிம்பர்' இதன் உடன்பிறப்பு. ஆங்கிலத்தில் 'ட' ஒலியாகவே நின்றது, உயர் ஜெர்மனுக்கு மட்டும் உரிய மெய்யொலி மாற்றத்தால் 'ட்ஸ்' ஆயிற்று. பின்னர் 'ம்ப' என்பது 'ம்ம' எனத் திரிந்தது. இன்னும் பின்னோக்கிப் போனால், ஜெர்மன், ஆங்கிலம், இலத்தீன் முதலியவற்றுக்குப் பொது மூலமான இந்தோ-ஐரோப்பிய மொழியில் 'கட்டுதல்' என்னும் பொருளுடைய வேரில், வீட்டைக் குறிக்கும் இலத்தீன் 'தோமுஸ்' என்ற சொல்லோடு இது உறவு கொள்கிறது.

மரம், மரக்கட்டடம், அக்கட்டடத்தின் ஓர் அறை என இடைக்காலத்தில் பொருள் சுருங்கியபோதும், தொழிற்பெயர் பழம்பொருளையே காத்து நின்றது. மரத்தால் கட்டுவதைச் சொல்லும் 'ட்சிம்மர்ன்' என்ற வினையும் அப்படியே. அதனால்தான் இன்றும் கூரைச் சட்டகம் அமைப்பவரே ட்சிம்மர்மன். மேசை நாற்காலி செய்பவருக்கு, மேசை என்னும் 'டிஷ்' அடியாகப் பிறந்த 'டிஷ்லர்' என்ற வேறு பெயர் உண்டு.