பட்டறைக் கேள்விகள்: ஆர்கான் போதுமா, கலவை வேண்டுமா?

திருச்சி துவாக்குடியில் 32 வருடம் டிக் டார்ச் பிடித்தவன் நான். (டிக் என்பது, உருகாத டங்ஸ்டன் முனையிலிருந்து ஆர்க் என்ற மின்பொறி எழுப்பி உலோகத்தை உருக்கி ஒட்டும் வெல்டிங். உருகிய உலோகத்தில் காற்று படாமல் கேஸ் காக்கும்.) இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேஸ் பற்றியவை. அவற்றில் நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, ஆர்கான் தீர்ந்துவிட்டதால், மிக் வெல்டிங்குக்கு வைத்திருந்த ஆர்கான் – கார்பன் டை ஆக்சைடு கலவை சிலிண்டரை டிக் மெஷினில் மாட்டினோம். டங்ஸ்டன் ஒரே நிமிடத்தில் கருகிவிடுகிறது. மெஷின் கோளாறா? – வாசகர், ஓசூர்

மெஷினில் ஒன்றுமில்லை தம்பி. அந்த சிலிண்டரை முதலில் கழற்றுங்கள்.

மிக் வெல்டிங்கில் டங்ஸ்டன் இல்லை; அதில் ஆர்க் எழுப்பும் கம்பி உருகுவதற்காகவே வருகிறது. டிக்கில் டங்ஸ்டன் உருகாமல் நிற்க வேண்டும். அது 3,422 டிகிரி வரை உருகாது. ஆனால் பழுத்த சூட்டில் ஆக்சிஜன் பட்டால் எரிந்துபோகும். கார்பன் டை ஆக்சைடு ஆர்க்கின் சூட்டில் பிளந்து அந்த ஆக்சிஜனைத்தான் கொடுக்கிறது. உங்கள் டங்ஸ்டனை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பென்சில் போல் சீவிய முனை காலிஃபிளவர் மாதிரிப் பூத்திருக்கும், பக்கத்தில் மஞ்சளும் நீலமுமாகப் பொடி ஒட்டியிருக்கும். அந்தப் பொடி ஜாயின்டிலும் விழுந்திருக்கிறது. எனவே நேற்று போட்ட வெல்டைக் கிரைண்ட் செய்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். சுத்த ஆர்கான் மாட்டியதும் இரண்டு நிமிடம் கேஸைத் திறந்துவிட்டு, ஹோஸில் தங்கிய பழைய கலவை வெளியேறிய பிறகே ஆர்க் அடியுங்கள்.

பால் பண்ணைக்கு 304 ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப் லைன் போடுகிறோம், 2 அங்குலம், 1.5 மி.மீ. கனம். ஆர்கானில் 2 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த சிலிண்டர் எல்லா உலோகத்துக்கும் ஏற்றது என்று கேஸ் விற்பவர் சொல்கிறார். வாங்கலாமா? – வாசகர், ஈரோடு

"எல்லா உலோகத்துக்கும்" என்ற பேச்சை நம்பாதீர்கள். 304, 316 போன்ற ஆஸ்டெனிடிக் எஸ்.எஸ்.ஸுக்கு அந்தக் கலவை நல்லதுதான். ஹைட்ரஜன் ஆர்க்கின் சூட்டைக் கூட்டும், கை வேகமாக நகரும், வெல்ட் மணிகள் பளபளவென்று விழும். ஆனால் அதே சிலிண்டரை அலுமினியத்தில் வைத்தால் வெல்ட் முழுக்க ஊசித்துளை. 410, 420 போன்ற மார்டென்சிடிக் எஸ்.எஸ். ரகத்திலும், டூப்ளெக்ஸ் எஸ்.எஸ். ரகத்திலும், கெட்டிப்படும் கார்பன் ஸ்டீலிலும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து விரிசல் விடும். அந்த விரிசல் அன்றைக்கே தெரியாது, மறுநாள் வேலையை ஒப்படைத்த பிறகும் வரும். பட்டறையில் பல உலோகம் கலந்து ஓடினால், சிலிண்டர் மாறிப்போகும் ஆபத்து ஒன்றே அதை வேண்டாம் என்று சொல்லப் போதும். (டூப்ளெக்ஸுக்கு ஆர்கானில் 2 சதவீதம் நைட்ரஜன் சேர்ப்பார்கள், அது வேறு கணக்கு.)

1.5 மி.மீ. பைப்பைக் கையால் போட சுத்த ஆர்கான் தாராளம். அந்தக் கூடுதல் காசைப் பர்ஜிங்கில், அதாவது பைப்புக்குள் இருக்கும் காற்றை ஆர்கானால் வெளியேற்றுவதில், செலவிடுங்கள். பால் ஓடுவது பைப்பின் உள்பக்கத்தில்தானே? வெளியே வெள்ளியாக மின்னும் ஜாயின்டை வெட்டிப் பார்த்திருக்கிறேன். உள்ளே அடிப்பிடித்த சாதம் போல் கருத்துப் பொரிந்திருந்தது. அந்தச் சொரசொரப்பில் பால் தங்கும், கிருமி குடியேறும், எந்த ஆசிட் கழுவலும் அதை முழுக்க எடுக்காது.

உங்கள் பைப்பில் 6 மீட்டருக்குள் சுமார் 11 லிட்டர் காற்று இருக்கிறது. அதை ஐந்து தடவையாவது மாற்ற வேண்டும், அதாவது 55 லிட்டர் ஆர்கான். நிமிடத்துக்கு 8 லிட்டர் விட்டால் 7 நிமிடம். இரு முனையையும் டேப் போட்டு அடைத்து, கேஸ் நுழையும் முனைக்கு எதிர்முனையில் சின்ன ஓட்டை விடுங்கள். ஆர்கான் காற்றைவிடக் கனமானது என்பதால், முடிந்தால் தாழ்ந்த பக்கத்தில் விட்டு உயர்ந்த பக்கத்தில் வெளியேற்றுங்கள். ஜாயின்டின் இடைவெளியையும் டேப்பால் மூடி, வெல்ட் முன்னேற முன்னேறக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். ரூட் (ஜாயின்டின் அடியில் போடும் முதல் வெல்ட்) முடிந்ததும் கேஸை அடைக்காதீர்கள். பைப் ஆறும் வரை ஓடட்டும்.

ஐயா, நான் ஐ.டி.ஐ. வெல்டர் பிரிவு மாணவி. ஹீலியம் அதிகச் சூடு தரும் என்கிறார்கள். அப்படியென்றால் ஏன் எல்லோரும் ஆர்கானையே பிடித்துக்கொண்டிருக்கிறோம்? – வாசகி, அம்பத்தூர்

நல்ல கேள்வி அம்மா. இந்த வெல்டிங் பிறந்ததே ஹீலியத்தில்தான். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நார்த்ராப் விமானக் கம்பெனியில் ரஸ்ஸல் மெரிடித் மெக்னீசியத்தை ஒட்ட ஹீலியத்தைப் பயன்படுத்தினார். அதனால் அதற்கு 'ஹீலியார்க்' என்றே பெயர். ஆர்கான் நம் காற்றிலேயே 0.93 சதவீதம் இருக்கிறது. காற்றைக் குளிரவைத்துத் திரவமாக்கிப் பிரித்தால் கிடைத்துவிடும். ஹீலியம் நமக்குப் பெரும்பாலும் இறக்குமதி, விலையும் எட்டாத உயரம்.

விலை மட்டுமல்ல. ஆர்கானில் ஆர்க் சட்டென்று பிடிக்கும், நிலையாக நிற்கும். அலுமினியத்தின் மேல் உள்ள ஆக்சைடு தோல் 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும், உள்ளே இருக்கும் அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். ஏ.சி. மின்சாரத்தில் வெல்ட் செய்யும்போது அந்தத் தோலை உரித்தெடுக்கும் வேலையை ஆர்கான் நன்றாகச் செய்யும். சுத்த ஹீலியத்தில் அது பலவீனம். ஆகவே மெல்லிய தகட்டுக்கு ஆர்கான். 10, 12 மி.மீ. அலுமினியத்தில் மெஷின் முழு ஆம்பியரில் ஓடியும் உருகிய உலோகக் குட்டை உருவாகத் திணறினால், பாதிக்குப் பாதி ஹீலியம் கலவை கேளுங்கள். செம்பு இன்னும் பிடிவாதம். 304 எஸ்.எஸ்.ஸைவிட 25 மடங்கு வேகத்தில் சூட்டைக் கடத்திக்கொண்டு ஓடிவிடும். கனமான செம்புப் பஸ்பாருக்கு (மின்சாரம் கடத்தும் பட்டைக்கு) 75 சதவீதம் ஹீலியம், அதோடு முன்சூடு, இரண்டும் வேண்டும்.

ஒன்றை நோட்டில் எழுதிவையுங்கள். ஆர்கானுக்குச் செய்த ஃப்ளோ மீட்டர் ஹீலியத்துக்குப் பொய் சொல்லும். சுத்த ஹீலியம் ஓடும்போது, மீட்டர் குழாயில் மிதக்கும் குண்டு காட்டுவதைப் போல் சுமார் 3 மடங்கு உண்மையில் போகிறது.

கேஸ் ஃப்ளோ எவ்வளவு வைத்தாலும் வெல்டில் துளை விழுகிறது. நிமிடத்துக்கு 20 லிட்டர் வரை ஏற்றிவிட்டேன். – வாசகர், சிவகாசி

இறக்குங்கள். டார்ச் முனையில் கேஸ் வெளிவரும் 8 நம்பர் கப்புக்கு 8 முதல் 10 லிட்டர் போதும். அதிகம் வைத்தால் கேஸ் சுழன்று வெளிக்காற்றைத் தானே உள்ளே இழுக்கும். மின்விசிறியைத் திருப்புங்கள், ஹோஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், ஃபில்லர் ராடை அசிடோனில் துடையுங்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், எஸ்.எஸ். டேங்குக்குள் உட்கார்ந்து போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். துளையைவிட அந்த வரிதான் என்னைக் கவலைப்படுத்தியது. ஆர்கானுக்கு மணமில்லை, நிறமில்லை, டேங்கின் அடியில் தேங்கும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில், இரவு முழுக்கக் கசிந்த டார்ச்சோடு கிடந்த டேங்கில் காலையில் இறங்கிய நண்பர், ஏணியின் கடைசிப் படியில் பேச்சில்லாமல் சரிந்தார். மூச்சு முட்டியதாகக்கூட அவருக்கு நினைவில்லை. இடுப்பில் கயிறு இருந்ததால் மேலிருந்து இழுத்தோம், பிழைத்தார். நீங்கள் சாப்பாட்டுக்கு வெளியே வரும்போது டார்ச்சையும் வெளியே எடுத்துவாருங்கள், சிலிண்டர் வால்வை அடையுங்கள். உள்ளே காற்று ஊதும் புளோயர் ஓடட்டும், மேலே ஓர் ஆள் நிற்கட்டும். ஆக்சிஜன் மீட்டர் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் இறங்காதீர்கள். காற்று போதவில்லை என்று ஆக்சிஜன் சிலிண்டரை உள்ளே திறந்துவிடவும் கூடாது. ஒரு பொறி பட்டால் சட்டையே பற்றிக்கொள்ளும்.