அமெரிக்காவின் மேற்கு மலைகளில் கௌதாரி, காடை வேட்டை: கேள்வி-பதில்

கே: நெவாடாவில் சுக்கர் கௌதாரிக் கூட்டத்தைப் பார்த்தேன். துரத்தத் துரத்த மலையேறி ஓடிவிட்டது. என்ன செய்வது?

ப: துரத்தாதீர்கள். சுக்கர் மேல்நோக்கி ஓடும், கீழ்நோக்கிப் பறக்கும். வேறு வழியாக உச்சிக்குப் போய், பாறை விளிம்பை ஒட்டி மேலிருந்து இறங்கி வாருங்கள். கூட்டம் எழுந்ததும் அவசரப்பட்டு நகராதீர்கள். ஒன்றிரண்டு தாமதமாகத்தான் எழும். நாய்க்கான தண்ணீரை நீங்களே சுமந்து செல்லுங்கள்.

கே: நல்ல இடமாக ஒரு ஜி.பி.எஸ். புள்ளி அனுப்புவீர்களா?

ப: மாட்டேன். நெவாடாவில் பி.எல்.எம். (மத்திய அரசின் நில மேலாண்மை அமைப்பு) பொதுநிலம் மட்டும் ஐந்து கோடி ஏக்கரை நெருங்குகிறது. செங்குத்துச் சரிவு, பாறை, சீட்கிராஸ் என்ற புல், எட்டும் தூரத்தில் தண்ணீர். நான்கும் சேரும் இடத்தை வரைபடத்தில் நீங்களே தேடுங்கள்.

கே: அக்டோபரில் போகிறோம். கஸ்லர் தொட்டி ஓரமாகவே கூடாரம் போட்டால் பறவை தானாக வருமே?

ப: இதே கடிதம் ஒவ்வொரு சீசனிலும் வேறு வேறு பெயரில் வருகிறது. மழைநீரைப் பிடித்துக் காட்டுயிர்களுக்காகத் தேக்கி வைக்கும் தொட்டி அது. சுற்றிப் பல மைலுக்கு வேறு தண்ணீர் இருக்காது. நீங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு அரட்டை அடித்தால், சுக்கர் மட்டுமா, மான் போன்ற பிராங்ஹார்னும் தாகத்தோடு திரும்பிப் போகும். விலங்குகள் தண்ணீரை நெருங்க முடியாதபடி 100 கெஜத்துக்குள் முகாமிடுவது நெவாடாவில் சட்டப்படியே குற்றம். போதாததற்குக் காலித் தோட்டாவை வேறு அங்கேயே போட்டுவிட்டு வருகிறார்கள்!

தொட்டியை வேவு பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். ஈர மண்ணில் புதுக் கால்தடமும் வெள்ளை நுனியுள்ள எச்சமும் தெரிந்தால், அங்கிருந்து விலகி மேல்சரிவுகளில் தேடுங்கள். நல்ல மழை ஒன்று பெய்துவிட்டால் இந்தக் கணக்கும் போச்சு. சீட்கிராஸ் பச்சையாகத் துளிர்த்ததும் பறவைகள் தொட்டியை விட்டு மலையெங்கும் பரவிவிடும்.

கே: வயோமிங்கில் இரண்டு பொதுநிலச் சதுரங்கள் மூலையில் மட்டும் தொடுகின்றன. தாண்டலாமா?

ப: தனியார் மண்ணில் கால் படாமல் தாண்டலாம் என்று 10-ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025-இல் தீர்ப்பளித்தது. வயோமிங் அதன் எல்லைக்குள் வருகிறது, மான்டானா வராது. மூலையைக் குத்துமதிப்பாக ஊகிக்க வேண்டாம்.

கே: எச்1பி விசாவில் இருக்கிறேன். நண்பரின் துப்பாக்கியை வாங்கிச் சுடலாமா?

ப: விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதற்கு மத்திய சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் முதலில், துப்பாக்கி அப்புறம். மீதியை வக்கீலிடம் கேளுங்கள்.

கே: அரிசோனாவில் இந்த ஆண்டு காடை நிறைய இருக்குமா?

ப: எந்தக் காடை என்று எழுத என்ன கஷ்டம்? காம்பெல் காடை என்றால், போன குளிர்காலத்தில் நல்ல மழை பெய்ததா பாருங்கள். குஞ்சு பொரிப்பது அதைப் பொறுத்தது. மியர்ன்ஸ் காடைக்குக் கோடை மழைதான் கணக்கு.

கே: மான்டானாவில் செப்டம்பர் நண்பகலில் ஷார்ப்டெயில் குரௌஸ் (கௌதாரி போன்ற புல்வெளிப் பறவை) ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையே?

ப: அந்த வெயிலில் புல்வெளியில் ஏன் நிற்கப் போகிறது? காலையில் புல்வெளி, நண்பகலில் பஃபலோபெர்ரி புதர் அடர்ந்த பள்ளங்கள். அதே நிழலுக்குக் கிலுகிலுப்பைப் பாம்பும் வரும். அப்புறம், நாய்க்குத் தண்ணீர். செப்டம்பரில் இரண்டு மடங்கு.