கோடை விடுமுறையில் வேலையையும் ஓய்வையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? ஆன்லைன் சம்மர் சேலில் வாங்குவது லாபம்தானா?

இரண்டையும் ஒரே கேள்வியாகக் கேட்டது சரி. என் அனுபவத்தில் கோடை ஓய்வை வேலை கெடுப்பதைவிட இந்த வாங்கல்தான் அதிகம் கெடுக்கிறது.

நான் மதுரையில் வீட்டிலிருந்தபடியே சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறேன். இந்த வேலைக்குக் கோடை விடுமுறை கிடையாது. மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரம், 20-ஆம் தேதி 3பி என்ற வரிக் கணக்கு. மார்ச்சோடு முடிந்த காலாண்டின் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்த வரியின் கணக்கு மே 31-க்குள் போக வேண்டும். இதற்கு நடுவில்தான் பிள்ளைகளின் லீவு, அக்னி நட்சத்திரம், சித்திரைத் திருவிழா எல்லாம். 2025-இல் மே 11 ஜிஎஸ்டிஆர்-1-க்குக் கடைசி நாள். மறுநாள் காலையில் அழகர் வைகையில் இறங்கினார். முந்தைய நாளே அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு ஊர் திரண்டுவிடும், அன்று இரவு மதுரையில் யார் தூங்குகிறார்கள்? அந்த நேரத்தில் பில்லும் கையுமாக உட்கார எனக்கு மனசு வராது. அதனால் மே முதல் வாரத்திலேயே கடைக்காரர்களை விரட்டி பில்களை வாங்கி முடித்துவிடுவேன். தேதி முன்னாலேயே தெரிந்த வேலையை முன்னால் இழுத்துக்கொள்ள முடியும். பிள்ளைகளின் லீவை அப்படி இழுக்க முடியாது.

நேரத்தைப் பொறுத்தவரை, கோடைக்கென்று தனியாக ஒரு கடிகாரம் வைத்திருக்கிறேன். கடைக்காரர்கள் இரவு கடையை அடைத்த பிறகுதான் பில்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். காலை ஐந்தரைக்கு உட்கார்ந்தால் எல்லாம் தயாராக இருக்கும். வீடு எழுந்து, சமையல் முடிந்து, மறுபடி உட்கார்ந்து பதினொன்றரைக்கெல்லாம் கனமான வேலை முடிந்துவிடும். பன்னிரண்டிலிருந்து நாலு வரை கணினியைத் தொடுவதில்லை. மதுரை வெயிலில் மதியம் போடுகிற கணக்குப் பதிவைச் சாயங்காலம் உட்கார்ந்து திருத்த வேண்டிவரும். அதற்குப் போடாமலே இருக்கலாம். போன் பேச்சு, நினைவூட்டல், சின்னச் சின்ன வேலைகள் ஐந்து மணிக்கு மேல். அலுவலக நேரத்துக்குக் கட்டுப்பட்டவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. ஆனால் மீட்டிங் இல்லாத கடின வேலையைக் காலையில் வைத்துக்கொள்கிறேன் என்று மேலதிகாரியிடம் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. தமிழக அரசே 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. வெயிலைச் சொல்லி நேரம் மாற்றிக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.

சரி, அந்த நாலு மணி நேரத்தில் என்ன செய்வது? நுங்கு, தாயக்கட்டம், ஒரு தூக்கம். அத்தை பிள்ளைகளுக்குப் பல்லாங்குழி சொல்லிக்கொடுப்பார். எதுவுமே செய்யாமல் தரையில் படுத்திருந்தாலும் நல்லதுதான். ஊர் சுற்றல் என்றால் எனக்கு மே மாத மலை வாசஸ்தலங்கள் மீது ஆசை போய்விட்டது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம், அதைத் தாண்டியும் கூட்டம்தான். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் குற்றாலம் போகலாம். பள்ளி திறந்திருந்தாலும் ஒரு சனி, ஞாயிறு போதும். ரயிலில் போகிறவர்கள் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். 2024 நவம்பருக்கு முன்பு அது 120 நாளாக இருந்தது.

இப்போது சேலுக்கு வருகிறேன். மே மாதம் பிறக்கும்போதே அமேசான், பிளிப்கார்ட் எல்லாம் கோடைத் தள்ளுபடியை ஆரம்பித்துவிடும். ஜூனை ஒட்டி மிந்த்ராவின் துணித் தள்ளுபடி. ஆடி பிறந்தால் ஊர்க்கடைகளின் தள்ளுபடி. அதாவது கோடை முழுக்க ஏதோ ஒரு சேல் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மதியம் படுத்துக்கொண்டு போனில் மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருப்பதை நாம் ஓய்வு என்று நினைக்கிறோம். ஆனால் விலை பார்ப்பது, ஒப்பிடுவது, கார்டு தள்ளுபடி எவ்வளவு என்று கணக்குப் போடுவது எல்லாம் சுத்தமான வேலை. என் தொழிலே அதுதான், அதனால் உறுதியாகச் சொல்கிறேன்: வாங்குவதை வேலை நேரத்துக்குத் தள்ளுங்கள். காலையில், மேசையில், பேனாவும் தாளுமாக. எங்கள் வீட்டில் ஃபிரிஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், பிப்ரவரியிலிருந்தே அதில் வேண்டிய பொருள்களை எழுதிக்கொண்டு வருவோம். சேல் வந்தால் அந்தச் சீட்டுக்கு மட்டும் விலை பார்ப்போம். மதியம் போனில் ஷாப்பிங் ஆப் திறப்பதில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம், பிள்ளைகள் உட்பட.

ஏசி வாங்கலாமா என்று பலர் கேட்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் தள்ளுபடிக் கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. 128 ரூபாய்க்கு விற்றது 118 ஆகிறது என்றால், விலையில் சுமார் 7.8 சதவீதம் வரியாலேயே குறைகிறது. பழைய எம்ஆர்பியைக் கோடு போட்டுக் காட்டி இத்தனை சதவீதம் தள்ளுபடி என்றால், அதில் இந்தப் பங்கு விற்பவர் கையிலிருந்து வந்தது இல்லை. கோடு போட்ட விலையைப் பார்க்காதீர்கள். கட்டப்போகும் விலையைப் போன மாத விலையோடு ஒப்பிடுங்கள். கீபா மாதிரி விலை வரலாறு காட்டும் தளங்கள் அதற்குத்தான் இருக்கின்றன.

அடுத்து மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர லேபிள். அதில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பார்கள். அது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு, அதாவது தினம் 8 மணி நேரம் வீதம் 200 நாள். நீங்கள் ஏப்ரல், மே இரவுகளில் மட்டும் போடுகிறவர் என்றால் அந்த எண்ணில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. உதாரணத்துக்கு மூன்று நட்சத்திரத்துக்கும் ஐந்துக்கும் லேபிளில் 200 யூனிட் வித்தியாசம், விலையில் 7,000 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூனிட் 6 ரூபாய் என்றால், முழு 1,600 மணி நேரம் ஓடினாலும் வருடம் 1,200 ரூபாய்தான் மிச்சம். கூடுதல் விலையை எடுக்கவே கிட்டத்தட்ட ஆறு வருடம். குறைவாக ஓட்டுகிறவர்களுக்கு மூன்று நட்சத்திரமே போதும் என்பது என் கருத்து. நாள் முழுக்க ஓடும் வீட்டில் ஐந்தை வாங்குங்கள். நம் ஊர் மின்கட்டணத்தில் யூனிட் கூடக் கூட அதற்கான விலையும் ஏறும் என்பதால், அங்கே சேமிப்பு வேகமாகத் தெரியும்.

அப்புறம் மாட்டுகிற செலவு. ஸ்டாண்டு, கூடுதல் செம்புக் குழாய், சுவரில் துளை போடுவது எல்லாம் பெரும்பாலும் தனிக் கணக்கு. மே மாதத்தில் மெக்கானிக் கிடைப்பதும் கஷ்டம். ஏசி பெட்டியாக ஹாலில் நிற்க, வீடு வெந்துகொண்டிருக்கும். இந்த ஒரு பொருளைப் பொறுத்தவரை ஜனவரி, பிப்ரவரியில் வாங்குவதே மேல்.

நோ காஸ்ட் இஎம்ஐ, அதாவது வட்டியில்லாத் தவணை என்று சொல்லப்படுவது பற்றியும் ஒரு வார்த்தை. வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள், ஆனால் வங்கி அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி போடும். வட்டி 1,500 என்றால் 270 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 199 என்றால் அதற்கும் வரி சேர்த்து 235. ஆக 505 ரூபாய் வெளியே போகிறது. பெரிய தொகை இல்லை, மொத்தமாகக் கட்ட முடியாதவர்களுக்கு அது நியாயமான விலையும்கூட. இலவசம் என்று மட்டும் நம்பிவிட வேண்டாம். கடைக்கோ அலுவலகத்துக்கோ வாங்குகிறீர்கள் என்றால் ஆர்டர் போடும்போதே உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுங்கள். பிறகு கேட்டால் பில்லை மாற்றித் தருவது பெரும்பாடு. வீட்டுக்கு வாங்கியதைக் கடைக் கணக்கில் காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள், எந்தக் கணக்கரும் செய்யக்கூடாது.

‘இன்னும் இரண்டுதான் மிச்சம்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், கேட்காத இன்சூரன்ஸையோ நன்கொடையையோ கூடையில் சேர்த்துவிடுவதும் இங்கே சட்டப்படி தவறு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் இப்படிப்பட்ட 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. பணம் கட்டும் முன் கடைசித் திரையை வரி வரியாகப் படியுங்கள். விற்பவரிடம் தீர்வு கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாட்ஸ்அப்பில் வந்த சேல் லிங்கைத் தொட்டுப் பணம் போய்விட்டது என்றால் யோசிக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

கோடை சேலில் நான் தயங்காமல் வாங்குவது பள்ளிப் பை, ஷூ, தண்ணீர் பாட்டில், நோட்டுகள்தான். ஜூனில் எப்படியும் வேண்டும், விலையும் ஓரளவு குறைந்திருக்கும். துணியை ஆன்லைனில் வாங்குவதில் எனக்கு விருப்பமில்லை. பருத்தி என்று போட்டிருப்பதைத் தொட்டுப் பார்க்காமல் எப்படி நம்புவது? வெயிலுக்குச் சுங்குடிச் சேலையை மிஞ்ச எதுவும் கிடையாது. அதற்கு விளக்குத்தூண் பக்கம் சாயங்காலம் ஒரு நடை போய், முந்தானையைப் பிரித்துப் பார்த்து வாங்குவேன்.