மூல ஆவணம் எங்கே? கணக்கியல் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அறம் சார்ந்த நிதி, நிலைத்தன்மைக் கணக்கு பற்றியவை. படிக்கிறவர்களுக்கு இதில் அக்கறை வந்திருப்பது நல்லது. ஆனால் என்ன படிக்கிறீர்கள், எந்த ஆண்டு, எத்தனை மதிப்பெண் என்று எழுதாமல் "எது நல்லது?" என்று மட்டும் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. அடுத்த முறை முழு விவரத்தோடு எழுதுங்கள்.

பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நிலைத்தன்மைக் கணக்கியலுக்குப் போக ஆசை. அதற்கென்று தனிப் பட்டம் படிக்க வேண்டுமா? (மாணவி, தேவகோட்டை)

வேண்டாம். நிதிக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், தணிக்கை இந்த மூன்றிலும் கால் ஊன்றுங்கள். நிலைத்தன்மை அறிக்கை என்பது அவற்றின் மேல் கட்டுவது. சரக்கு இருப்பைச் சரிபார்க்கத் தெரியாதவருக்குக் கழிவுநீர் அளவையும் சரிபார்க்கத் தெரியாது. மூன்றாம் ஆண்டுக்குள் பங்குச் சந்தை ஒழுங்காற்று வாரியமான செபியின் பி.ஆர்.எஸ்.ஆர். படிவத்தை (நிறுவனங்களின் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை) அச்செடுத்து, மூன்று பகுதிகளையும் ஒரு தடவை முழுதாகப் படியுங்கள். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் இருக்கும் நிறுவனங்களுக்கு 2022-23 முதல் அது கட்டாயம். அதன் ஒன்பது கோட்பாடுகளில் ஆறாவதுதான் சுற்றுச்சூழல். மற்றவை ஊழியர், நுகர்வோர், லஞ்சம், சப்ளையர் என்று போகும். மரம் நடுவது மட்டும்தான் நிலைத்தன்மை என்ற எண்ணம் அதோடு போய்விடும். பிறகு 2023 ஜூனில் வந்த ஐ.எஃப்.ஆர்.எஸ். எஸ்1, எஸ்2 என்ற சர்வதேச நிலைத்தன்மை அறிக்கைத் தரநிலைகள் இரண்டையும் பாருங்கள்.

சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு) 2% என்பது விற்பனையிலா? (கானாடுகாத்தான்)

இல்லை. முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில், அதுவும் கம்பெனிச் சட்டம் 198ஆம் பிரிவின்படி கணக்கிட்ட லாபத்தில். 135ஆம் பிரிவின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. படித்துவிட்டுக் கேளுங்கள்.

புதுவயலில் உறவினரின் அரிசி ஆலை இருக்கிறது. அதன் கார்பன் கணக்கை எம்.காம். திட்ட அறிக்கையாகச் செய்யலாமா? எப்படித் தொடங்குவது? (மாணவர், காரைக்குடி)

அருமையான தலைப்பு, செய்யுங்கள். முதலில் எல்லையைத் தீர்மானியுங்கள்: ஒரு ஆலை, ஒரு நிதியாண்டு. பிறகு மூல ஆவணங்களைச் சேர்க்க வேண்டும். மின்கட்டண பில், டீசல் வாங்கிய பில், ஜெனரேட்டர் லாக் புத்தகம், கேஸ் சிலிண்டர் பில், லாரி வாடகை ரசீது. ஆவணம் இல்லாத எண்ணை எழுதாதீர்கள். முதலாளி வாயால் சொன்னதை எழுதத்தான் வேண்டுமென்றால், பக்கத்திலேயே "மதிப்பீடு" என்று குறியுங்கள்.

ஆலையின் சொந்த ஜெனரேட்டர், சொந்த லாரி, கேஸ் எல்லாம் ஸ்கோப் 1, அதாவது நேரடி உமிழ்வு. வாங்கிய மின்சாரம் ஸ்கோப் 2. வாடகை லாரி, வாங்கிய நெல், சாக்கு முதலியவை ஸ்கோப் 3. டீசல் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு, எல்.பி.ஜி. கிலோவுக்குச் சுமார் 3 கிலோ, மின்தொகுப்பில் வாங்கும் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 3 லட்சம் யூனிட் என்றால் 210 டன். 4,000 லிட்டர் டீசல் என்றால் 11 டன். இறுதி அறிக்கையில் மத்திய மின்சார ஆணையத்தின் அந்தந்த ஆண்டு எண்ணைப் போட்டு, எந்தப் பதிப்பு என்றும் எழுதுங்கள்.

மாணவர்கள் தவறுவது மூன்று இடங்களில். ஒன்று, உமி. நெல் அவிக்கும் பாய்லரில் எரியும் உமியின் கரியமில வாயுவை ஸ்கோப் 1 கூட்டுத்தொகையில் சேர்க்கக் கூடாது. அது உயிரிமூலம் (பயிர் காற்றிலிருந்து எடுத்ததே திரும்புகிறது), தனி வரியில் காட்ட வேண்டும். ஆனால் எரியும்போது வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் ஸ்கோப் 1இல் சேரும். உமியை முழுக்க விட்டுவிடுவதும் தவறு, முழுக்கச் சேர்ப்பதும் தவறு. இரண்டு, பில் காலம். மின் பில்லின் தேதிகள் நிதியாண்டோடு பொருந்தாது. முதல் பில்லையும் கடைசி பில்லையும் நாள் கணக்கில் பிரித்துச் சேருங்கள். மூன்று, நெல் வயலின் மீத்தேன். இந்த ஆலையின் மொத்தக் கணக்கில் அதுதான் பெரிய பங்காக வரக்கூடும், ஆனால் ஸ்கோப் 3இல் இருப்பதால் பெரும்பாலோர் தொடுவதில்லை. அளக்க முடியாவிட்டால் பரவாயில்லை, விட்டுவிட்டோம் என்றும் ஏன் விட்டோம் என்றும் அறிக்கையில் எழுதுங்கள். சொல்லாமல் விடுவதுதான் குற்றம்.

ஒரு நிறுவனத்தின் இ.எஸ்.ஜி. (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) மதிப்பெண் 72. நல்லதா? (புதுக்கோட்டை)

யார் கொடுத்த 72? ஒவ்வொரு தர நிறுவனமும் வேறு அளவுகோல், வேறு எடை வைத்திருக்கிறது. ஒரே கம்பெனிக்கு ஒருவர் 72 போடுவார், இன்னொருவர் 50 போடுவார். பெயரும் முறையும் இல்லாத மதிப்பெண்ணை எந்த அறிக்கையிலும் மேற்கோள் காட்டாதீர்கள்.

எங்கள் குடும்பத்தின் பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பணம் கொடுக்கிறது. அதை சி.எஸ்.ஆர். செலவாக எழுதலாமா? (பள்ளத்தூர்)

எழுதக் கூடாது. சி.எஸ்.ஆர். செலவுகளைப் பட்டியலிடும் கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் சமயச் சடங்குக்கு இடமில்லை. வரலாற்று முக்கியத்துவம் உள்ள கட்டடங்களின் மீட்புக்கு இடமுண்டு. ஆனால் யாகசாலைப் பந்தலையும் அன்னதானத்தையும் அந்தத் தலைப்புக்குள் நுழைக்க முடியாது. நகரத்தார் பெட்டியடிகளில் (வியாபாரக் கடைகளில்) மகமையை, அதாவது கோயிலுக்கும் தர்மத்துக்கும் ஒதுக்கிய பங்கை, தனிக் கணக்காகப் பேரேட்டில் வரவு வைத்தார்கள். வியாபாரச் செலவோடு கலக்கவில்லை. அதே ஒழுங்கு இங்கேயும் வேண்டும். கம்பெனி நன்கொடையாகவே கொடுக்கலாம். 181ஆம் பிரிவில் சராசரி நிகர லாபத்தின் 5% வரை இயக்குநர் குழு முடிவு செய்யலாம், அதற்கு மேல் பொதுக்குழுவின் முன் அனுமதி வேண்டும். ரசீது கம்பெனி பெயரிலேயே இருக்க வேண்டும். அப்பா பெயரில் ரசீது, கம்பெனிக் கணக்கில் செலவு என்று வைத்தால் தணிக்கையில் நிற்காது.

திட்ட அறிக்கைக்கு 150 கேள்வித்தாள் வேண்டும் என்கிறார் வழிகாட்டி. 60தான் வந்திருக்கிறது. மீதியை நாங்களே நிரப்பிவிடலாமா? எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். "பசுமை முதலீடு பற்றி வாடிக்கையாளர் விழிப்புணர்வு" என்பது தலைப்பு. நாளைக்குள் பதில் தேவை. (எம்.காம். மாணவர், காரைக்குடி)

கூடாது. ஒரு தாளைக்கூட நிரப்பக் கூடாது.

அறம் சார்ந்த முதலீடு பற்றிய அறிக்கைக்கு 90 பொய்த் தாள் தயாரிக்கலாமா என்று கேட்கிறீர்கள். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் தலைவர் எழுதிக் கொடுத்த கடிதத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கணக்கில் காட்டிய பணத்தில் சுமார் 5,000 கோடி ரூபாய் இல்லவே இல்லை. அது ஒரே நாளில் நடந்ததல்ல. குறைந்த எண்ணை நிரப்ப ஒரு காகிதம், அந்தக் காகிதத்தைக் காப்பாற்ற இன்னொன்று என்று ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது. தணிக்கையாளர்கள் வங்கி உறுதிக் கடிதங்களைத் தங்கள் கையில் வைத்து நேரடியாக வங்கியிடமிருந்து வாங்காமல், நிர்வாகத்தின் வழியாக வந்ததை ஏற்றுக்கொண்டார்கள். எஸ்.ஏ. 505 என்ற தணிக்கைத் தரநிலை சொல்வது இதைத்தான்: உறுதிக் கடிதம் அனுப்புவதும் பெறுவதும் தணிக்கையாளர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடத்தில் மதிப்பெண் வாங்கிவிட்டு, விடுதி அறையில் உட்கார்ந்து தாள் நிரப்புகிறவர் நாளை ஆர்ட்டிகிள்ஷிப்பில் (சி.ஏ. படிப்பின் செய்முறைப் பயிற்சியில்) சரக்கு எண்ணாமலே எண்ணியதாக டிக் போடுவார். பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது.

யாருக்கும் தெரியவராது என்றும் நினைக்காதீர்கள். ஒரே ஆள் நிரப்பிய தாள்களில் 3, 4, 4, 3 என்று ஒரே ஓட்டம் வரும். முரண்பட்ட கேள்விக்கும் ஒரே பதில் இருக்கும். விடுபட்ட பதிலே இருக்காது. உண்மையான மனிதர்கள் ஏதாவது ஒரு கேள்வியையாவது விட்டுவிடுவார்கள். கூகுள் படிவமென்றால் நேர முத்திரை காட்டிக்கொடுக்கும். பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா 0.98 என்று வந்தால் தேர்வாளர் பாராட்ட மாட்டார், மூலத் தாளைக் கேட்பார்.

நேர்மையான வழி எளிது. 150 கொடுத்தோம், 60 வந்தது, பதில் விகிதம் 40% என்று எழுதுங்கள். வராதவர்கள் யாராக இருக்கலாம், அதனால் முடிவு எந்தப் பக்கம் சாயும் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். 60ஐ ஐந்து வயதுப் பிரிவாக உடைத்து கை-வர்க்கச் சோதனை செய்யாதீர்கள். எதிர்பார்ப்பு எண்ணிக்கை 5க்குக் கீழே போகும் கட்டங்கள் நிறைய வந்து சோதனையே செல்லாமல் போகும். இரண்டு பிரிவாகச் சேருங்கள். வழிகாட்டியிடம் இன்றைக்கே போய் நிலைமையைச் சொல்லுங்கள்.

தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு: தயவுசெய்து இந்த "விழிப்புணர்வு" தலைப்புகளை விடுங்கள். பங்குச் சந்தைகளின் இணையதளத்தில் பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சிமென்ட் அல்லது நூற்பாலை, ஒரே துறையில் பத்து நிறுவனம், மூன்று ஆண்டு எடுங்கள். ஒரு கோடி ரூபாய் விற்றுமுதலுக்கு எவ்வளவு ஆற்றல், எவ்வளவு நீர், எவ்வளவு உமிழ்வு என்று அட்டவணை போடுங்கள். அலகைப் பார்த்துப் போடுங்கள். ஒருவர் ஜிகாஜூலில் கொடுப்பார், இன்னொருவர் யூனிட்டில். ஒரு ஜிகாஜூல் சுமார் 278 யூனிட். ஒருவர் லட்சத்தில், இன்னொருவர் கோடியில். தனிக் கணக்கா, துணை நிறுவனங்களையும் சேர்த்த கணக்கா என்று முதல் பகுதியிலேயே இருக்கும், இரண்டையும் கலக்காதீர்கள். போன ஆண்டு அறிக்கையில் இருந்த எண் இந்த ஆண்டு அறிக்கையின் "முந்தைய ஆண்டு" பத்தியில் மாறியிருந்தால், அதைத் தேடிப் பிடித்து ஏன் மாறியது என்று எழுதுங்கள். அந்த ஒரு கண்டுபிடிப்பு 150 கேள்வித்தாளைவிட மதிப்புள்ளது.

பசுமைப் பத்திர வட்டிக்கு வரி விலக்கு உண்டா? (திருப்பத்தூர்)

பசுமை என்பதற்காக விலக்கு இல்லை. 2023 ஜனவரி, பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட 16,000 கோடி ரூபாய் பத்திரங்களின் வட்டிக்கும் வழக்கமான வரிதான்.

ஆத்தங்குடியில் தளக்கல் செய்கிறோம். கணக்கு நான் பார்க்கிறேன். ஒரு ஹோட்டல் 2 லட்ச ரூபாய் பில்லுக்கு ஐந்து மாதமாகப் பணம் தரவில்லை. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருப்பதாக வகுப்பில் சொன்னார்கள். எங்களுக்குப் பொருந்துமா? (பி.காம். மாணவி)

உத்யம் பதிவு (குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால் பொருந்தும். நீங்கள் உற்பத்தியாளர். தளக்கல்லை வாங்கி விற்கும் கடைக்காரருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. சரக்கு கொடுக்கும் முன்பே பதிவு இருக்க வேண்டும், பதிவு எண்ணைப் பில்லில் அச்சடிப்பது நல்லது. எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாள், ஆனால் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். அதற்கு மேல் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு. வங்கி விகிதம் 6% அளவில் என்றால் ஆண்டுக்கு 18%, மாதம் ஒன்றரை. 45 நாள் போக மூன்றரை மாதத்துக்குச் சுமார் 10,700 ரூபாய். சரக்கு இறங்கிய நாளைக் காட்டும் கையெழுத்திட்ட டெலிவரி சலான் வைத்திருக்கிறீர்களா? அது இல்லாமல் புகாரே நிற்காது. முதலில் வட்டிக் கணக்கோடு ஒரு கடிதம் அனுப்புங்கள், பிறகு சிறு நிறுவனங்களின் தாமதப் பணத்துக்கான மத்திய அரசின் இணையதளத்தில் புகார் செய்யுங்கள்.

வாங்குபவர் பக்கம் கணக்கு எழுதப்போகிற மாணவர்களும் கவனியுங்கள். 2023-24 முதல், வருமான வரிச் சட்டத்தின்படி (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 43பி(எச்) பிரிவு), குறு, சிறு நிறுவனங்களுக்குக் காலம் தாண்டி நிற்கும் தொகையைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். இதைத் தவிர்க்க பில் தேதியை மாற்றித் தரச் சொல்வார்கள். செய்யாதீர்கள். சப்ளையருக்கு எத்தனை நாளில் பணம் போகிறது என்பது இப்போது பி.ஆர்.எஸ்.ஆர். கோர் என்ற முக்கிய எண்களின் பட்டியலிலேயே ஒரு எண்.

சி.ஏ., எம்.காம்., ஏ.சி.சி.ஏ. (பிரிட்டன் அமைப்பின் கணக்கியல் தகுதி) எது சிறந்தது? (கோட்டையூர்)

உங்கள் மதிப்பெண்ணை எழுதவில்லை. பொதுவாகச் சொல்கிறேன். பி.காம்.மில் 55% இருந்தால் ஃபவுண்டேஷன் என்ற முதல் நிலைத் தேர்வை எழுதாமல் நேரே சி.ஏ. இன்டர். ஆர்ட்டிகிள்ஷிப் இப்போது இரண்டு ஆண்டு. இந்தியாவில் சட்டப்படியான தணிக்கையில் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் சி.ஏ.தான், ஏ.சி.சி.ஏ. போதாது. கல்லூரியில் பாடம் எடுக்க ஆசையென்றால் எம்.காம்.

தாத்தாவின் ரங்கூன் கணக்குப் புத்தகங்கள் வீட்டில் இருக்கின்றன. ஆய்வுக்குப் பயன்படுமா? (வாசகர், பொன்னமராவதி)

நிச்சயம் பயன்படும். பேரேடும் ஐந்தொகையும் ஒரே ஏஜென்சிக்குக் கிடைத்தால் விடாதீர்கள். ஏஜெண்ட் பொதுவாக மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாறுவார். அந்த மாற்றத்தில் ஒப்படைத்த கணக்கும் கிடைத்தால் இன்னும் நல்லது. முதலில் குடும்பத்தாரின் எழுத்து அனுமதி வாங்குங்கள். பிறகு பக்க எண்ணோடு படம் எடுங்கள். கடன் வாங்கியவர் பெயர்களை ஆய்வில் மறைத்துவிடுங்கள், அவர்கள் பேரன்மார் இன்னும் இருக்கிறார்கள்.

தேதியில் கவனம். தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒரு முறை திரும்ப வரும். பிரபவ என்றால் 1867ஆகவும் இருக்கலாம், 1927ஆகவும் இருக்கலாம். ஒட்டிய ஸ்டாம்பில் யார் தலை இருக்கிறது என்று பார்த்து உறுதி செய்யுங்கள். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, அதைத் தசமமாக மாற்றியபின் கூட்டுங்கள். மாகாணி, அரைக்கால் குறிகளை மேலோட்டமாகப் படித்தால் மொத்தமும் தப்பும். மகமைக்குப் போன விகிதத்தைத் தனியாக எடுத்து எழுதுங்கள்.

இங்கிலாந்தில் நிலைத்தன்மை சார்ந்த கணக்கியல் எம்.எஸ்சி. படிக்கலாமா? (தேவகோட்டை)

பட்டத்தின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். மொத்தம் 180 கிரெடிட்டில் நிலைத்தன்மைப் பாடங்கள் எத்தனை, அவை கட்டாயமா விருப்பமா என்று பாடத்திட்டப் பக்கத்தைப் பாருங்கள். 15 கிரெடிட் ஒரே பாடம் என்றால் பெயர்தான் பசுமை. ஏ.சி.சி.ஏ. விலக்கு எத்தனை தாளுக்கு என்று ஏ.சி.சி.ஏ.யின் சொந்தத் தளத்தில் சரிபாருங்கள், ஏஜெண்ட் சொல்வதை ஏற்காதீர்கள். கல்விக் கடனுக்குக் கட்டும் வட்டியை வருமான வரிக் கணக்கில் எட்டு ஆண்டு கழிக்கலாம், ஆனால் பழைய வரி முறையில் மட்டும். புதிய முறைக்குப் போனவருக்கு அது கிடையாது. கடன் வாங்குவதற்கு முன்பே அப்பாவிடம் எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.