கலைக்கு முதலிடம் தரும் அரசு நடுநிலைப் பள்ளியில் படித்த அனுபவம் எப்படி இருந்தது? அங்கே சேர்ந்தால் மற்றப் பாடங்களில் பிள்ளை பின்தங்கிவிடுமா?

அமெரிக்காவில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை இத்தகைய பள்ளி ஒன்றில் படித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். பெற்றோரை உறுத்தும் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாடங்களில் பின்தங்க வேண்டிய அவசியம் இல்லை. கட்டணம் வாங்காத பொதுப் பள்ளி என்பதால் மாநிலத்தின் பாடத்திட்டமும், மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் நடக்கும் கணித, வாசிப்புத் தேர்வுகளும் மற்றப் பள்ளிகளைப் போலவே அதற்கும் உண்டு. குறைவது ஓய்வு நேரம்தான். கச்சேரியோ நாடகமோ நெருங்கும் வாரங்களில் ஒத்திகை முடிந்து வீடு திரும்பி, அதன் பிறகு வீட்டுப்பாடத்தைத் தொடங்கும் களைப்பு பதினொரு வயதுப் பிள்ளைக்குச் சிறிய சுமையன்று.

சாதாரணப் பள்ளியில் இசையோ ஓவியமோ விருப்பப் பாடங்களில் ஒன்றாக வந்துபோகும். எங்கள் பள்ளியில் நடனம், இசை, நாடகம், ஓவியம் ஆகியவற்றுள் ஒன்றை மூன்று ஆண்டுகளுக்கும் முதன்மைப் பாடமாக எடுத்துக்கொண்டு, நாள்தோறும் நீண்ட வகுப்பாகப் பயில வேண்டும். நான் தந்தி வாத்தியக் குழுவில் சேர்ந்தேன். எனக்குக் கிடைத்த வாத்தியம் வயோலா. வயலினைவிடச் சற்றுப் பெரியது. அதைவிட ஒரு பஞ்சமம், அதாவது ஸ-வுக்கும் ப-வுக்கும் உள்ள இடைவெளி அளவு, கீழே சுருதி சேர்க்கப்படுவது. மெட்டு பெரும்பாலும் வயலின்களிடம் இருக்கும், அடித்தளத்தை வயோலாவைவிடப் பெரிய, கனத்த ஒலியுடைய செல்லோக்கள் தாங்கும், நடுவில் இருக்கும் வயோலாவுக்கோ ஒரே சுரத்தைப் பல வரிகளுக்குத் திரும்பத் திரும்ப வாசிக்கும் வேலை வந்து சேரும். வீட்டில் தனியாகப் பயிற்சி செய்யும்போது அது பாட்டாகவே ஒலிக்காது. எந்தப் பாட்டு இது என்று அம்மா கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது.

ஒரு நாள் ஒத்திகையில் எங்கள் ஆசிரியை வயோலாக்களை மட்டும் நிறுத்திவிட்டு, மற்ற அனைவரையும் அதே பகுதியை வாசிக்கச் சொன்னார். மெட்டு குறைவின்றி இருந்தது, தாளமும் பிசகவில்லை, ஆனால் ஒலி மெலிந்து வெளிறிப்போனதை அந்த அறையில் இருந்த எல்லோரும் கேட்டோம். அவர் விளக்கம் எதுவும் சொல்லாமல் எங்களையும் சேர்த்து மறுபடி வாசிக்க வைத்தார். அதன் பிறகு என் முறைக்காகத் தாளத்தை எண்ணிக்கொண்டு காத்திருப்பதை விட்டுவிட்டு, செல்லோ எப்போது நகர்கிறது, இரண்டாம் வயலின் எங்கே மூச்சு விடுகிறது என்று கேட்கத் தொடங்கினேன். பிறர் என்ன வாசிக்கிறார்கள் என்பதை முதலில் கேட்டு, அதற்கு ஏற்ப என் ஒலியைக் கூட்டவோ அடக்கவோ பழகியதைத்தான் அந்தப் பள்ளி எனக்குத் தந்தவற்றுள் முதலாவதாக வைப்பேன்.

ஓவியப் பிரிவில் இதே பழக்கம் வேறு வடிவில் இருந்தது. முடிந்த படங்களைச் சுவரில் வரிசையாகக் குத்தி வைப்பார்கள். பார்ப்பவர்கள் பிடித்தது, பிடிக்காதது என்று தொடங்காமல், கண்ணில் படுவதை முதலில் சொல்ல வேண்டும். வரைந்தவர் அதுவரை குறுக்கே பேசக்கூடாது. தன் படைப்பை நியாயப்படுத்தாமல் ஐந்து நிமிடம் அமைதியாகக் கேட்டிருப்பது பெரியவர்களுக்கே கடினம்; அதைப் பன்னிரண்டு வயதில் செய்தார்கள்.

வருத்தங்களும் உண்டு. நாடகப் பிரிவில் யாருக்கு எந்த வேடம் என்ற பட்டியல் ஒட்டப்படும் நாளில் அழுதவர்கள் பலர். நடனம் எடுத்த பையன்கள் பள்ளிக்கு வெளியே கேலிக்கு ஆளானார்கள். ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டுப் பார்ப்பது எந்நேரமும் நடந்துகொண்டிருக்கும்.

சேர்க்கை முறை பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. இத்தகைய சிறப்புப் பொதுப் பள்ளிகள் பல 1970-களில், நிறவாரியாகப் பிரிந்து கிடந்த பள்ளிகளில் பிள்ளைகளை விருப்பத்தின் பேரில் கலக்கச் செய்யும் வழியாகத் தொடங்கப்பட்டவை. அந்த நோக்கத்துக்கு நேர்மையாக இருக்க வேண்டுமென்றால் குலுக்கல் முறையே சரி என்பேன். சேர்க்கைக்காகப் பத்து வயதில் வாத்தியத்தை வாசித்துக்காட்டச் சொன்னால், பெற்றோர் எத்தனை ஆண்டு தனி வகுப்புக்குப் பணம் கட்டினார்கள் என்பதுதான் பெரும்பாலும் வெளிப்படும். எங்கள் பள்ளியில் குலுக்கல்தான். முதல் வாரத்தில் வில்லைப் பிடிக்கவே தெரியாதவர்களும், சிறுவயதிலிருந்து வயலின் கற்றவர்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்தோம். எட்டாம் வகுப்பிலும் அந்த வேறுபாடு முழுவதும் மறையவில்லை. ஆனால் ஒரே இசையை ஒன்றாக வாசிக்க அது தடையாகவும் இல்லை.

உங்கள் பிள்ளையைச் சேர்க்க நினைத்தால், பள்ளியைப் பார்க்கப் போகும் நாளில் மேடையையும் பரிசுக் கோப்பைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வாத்தியத்தை வீட்டுக்கு எடுத்துச்செல்ல இரவல் தருவார்களா, மாலை ஒத்திகை முடிந்த பிறகு பள்ளிப் பேருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். அழைத்துச்செல்ல வண்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் ஒத்திகையை விட்டு விலகியதை நான் கண்டிருக்கிறேன். அவர்களுள் ஒருத்தி எங்கள் குழுவிலேயே மிகத் துல்லியமாகச் சுருதி சேர்ப்பவள்.