புவேர்ட்டோ எஸ்கொண்டிடோ போகலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மெக்சிகோவின் பசிபிக் கரையில், ஒஹாகா மாநிலத்தில் உள்ள சின்ன ஊர் புவேர்ட்டோ எஸ்கொண்டிடோ. 2012-இல் முதல்முறை போனேன். அப்புறம் இரண்டு வருடம் அங்கேயே வீடெடுத்துத் தங்கினேன். இப்போதும் குளிர்காலத்தில் போய்வருகிறேன், ஸ்பானிஷ் பேசுவேன். "அந்த ஊர் பத்திரமா?" என்று பலரும் கேட்டதால், வந்த கேள்விகளைச் சுருக்கி இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, டிசம்பரில் நண்பர்கள் நான்கு பேர் போகலாம் என்று இருக்கிறோம். மெக்சிகோ என்றதுமே அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். போகலாமா, வேண்டாமா?

பதில்: போகலாம் தம்பி. அம்மாவின் பயத்தையும் தள்ளிவிட வேண்டாம், அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அவர் பயப்படுவது ஒரு நாட்டை நினைத்து. நீங்கள் போவது ஓர் ஊருக்கு. மெக்சிகோவில் தலைநகரையும் சேர்த்து 32 மாநிலங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 1 முதல் 4 வரை எச்சரிக்கை நிலை கொடுக்கிறது. யுகாத்தான் மாநிலத்துக்கு 1. சில ஆண்டுகளாக ஒஹாகாவுக்கு 2. ஒஹாகாவை ஒட்டியிருக்கும் கெரேரோவுக்கு 4, அதாவது போகவே வேண்டாம்.

மாநிலம் என்பதும் பெரிய அளவுதான். கடற்கரையை ஒட்டி ஓடும் 200-ஆம் நெடுஞ்சாலையில்தான் எஸ்கொண்டிடோ இருக்கிறது. அதே சாலையில் மேற்கே போனால் பினோட்டேபா என்ற ஊர் வரும். அதைத் தாண்டி வடமேற்கே கெரேரோ எல்லை நோக்கிப் போக அமெரிக்க அரசு தன் ஊழியர்களுக்கே அனுமதி தருவதில்லை. ஒரே மாநிலம், ஒரே சாலை, ஆனால் நிலைமை வேறு. அதனால் எந்த ஊர், எந்தச் சாலை, எந்த நேரம் என்று பிரித்துக் கேளுங்கள். அம்மாவுக்கும் அப்படியே வரைபடத்தை வைத்துக் காட்டுங்கள்.

கேள்வி: நீங்கள் போகாத ஒரு கடற்கரை ஊர் என்றால், பத்திரமா இல்லையா என்று எப்படி முடிவு செய்வீர்கள்?

பதில்: முதலில் அங்கே குடியிருப்பவர்கள் பயப்படுகிறார்களா என்று பார்ப்பேன். மெக்சிகோவின் புள்ளிவிவர நிறுவனமான இனேகி மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகரவாசிகளிடம் "உங்கள் ஊரில் பாதுகாப்பாக உணர்கிறீர்களா" என்று கேட்டு, நகரவாரியாக வெளியிடுகிறது. இதில் ஒரு விஷயம் பாருங்கள்: ஹலிஸ்கோ மாநிலத்துக்கு அமெரிக்கா கொடுத்திருந்த எச்சரிக்கை நிலை 3. ஆனால் அதே மாநிலத்தின் கடற்கரை நகரமான புவேர்ட்டோ வயார்ட்டா, நாட்டிலேயே மக்கள் மிகக் குறைவாகப் பயப்படும் நகரங்களின் வரிசையில் அடிக்கடி வந்திருக்கிறது.

எஸ்கொண்டிடோ மாதிரி சின்ன ஊர்கள் அந்தக் கணக்கெடுப்பில் வராது. அதற்கு, நாடு முழுக்க நகராட்சிவாரியாகக் குற்றங்களின் எண்ணிக்கையை மாதாமாதம் வெளியிடும் அரசுத் தரவு இருக்கிறது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. எஸ்கொண்டிடோ ஒரே ஊர்தான், ஆனால் இரண்டு நகராட்சிகளில் கிடக்கிறது: சான் பெத்ரோ மிக்ஸ்டெபெக், சாந்தா மரியா கொலோடெபெக். சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் லா புண்டா என்ற பகுதி இரண்டாவதில் வருகிறது. ஒன்றை மட்டும் பார்த்தால் பாதி ஊரைத்தான் பார்த்திருப்பீர்கள்.

அப்புறம் ஸ்பானிஷில் தேடுங்கள். ஆங்கிலத்தில் தேடினால் விடுதிக்காரர்களின் விளம்பரமும் பீதிச் செய்தியும்தான் வரும். ஊர்ப் பெயரோடு "பலசேரா" (துப்பாக்கிச் சூடு), "அசால்தோ" (வழிப்பறி), "ப்ளொகேயோ" (சாலை மறியல்) என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கடைசி மூன்று மாதச் செய்திகளைப் படியுங்கள். எழுத்துக்கூட்டலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் போனே போதும். அரை மணி நேர வேலை. எங்கே, எத்தனை மணிக்கு, யாருக்கு நடந்தது என்று எழுதி வைத்துக்கொண்டால் ஊரின் முகம் தெரிந்துவிடும்.

கேள்வி: கார்டெல்காரர்கள் (போதைப்பொருள் கும்பல்கள்) சுற்றுலாப் பயணிகளைத் தொடமாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: அதை நம்பி யாரும் டிக்கெட் போட வேண்டாம். பயணிகள் பெரும்பாலும் அவர்களின் குறி அல்ல என்பது சரி. ஆனால் குறுக்கே மாட்டிக்கொள்ள முடியும். 2021 அக்டோபரில் துலும் நகரில் போதைப்பொருள் விற்கும் இரு கும்பல்கள் சுட்டுக்கொண்டதில், உணவகத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் இறந்தார்கள். 2024 ஏப்ரலில் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா மாநிலத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத கடற்கரையில் கூடாரம் போட்டிருந்த மூன்று அலைச்சறுக்கு வீரர்கள் அவர்கள் வந்த வண்டிக்காகக் கொல்லப்பட்டார்கள். நான் நேசிக்கும் ஒஹாகா கடற்கரைக்கும் விலக்கு இல்லை: 2025 பிப்ரவரி கடைசியில் அங்கே இருந்த மெக்சிகோ இளைஞர்கள் ஒன்பது பேர் காணாமல் போனார்கள். மார்ச் தொடக்கத்தில் பூப்லா மாநில எல்லைச் சாலையோரம் உடல்கள் கிடைத்தன. அந்தச் செய்தி வந்த வாரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இவற்றிலிருந்து நான் கடைப்பிடிப்பது இவ்வளவுதான். போதைப்பொருள் வாங்குவதில்லை, விற்பவர்கள் சுற்றும் இடத்தில் நள்ளிரவு வரை உட்காருவதில்லை, தனிக் கடற்கரையில் கூடாரம் போடுவதில்லை. சும்மா ஒரு சிகரெட் அளவு கஞ்சா என்றாலும், அதை விற்பவர் யாருடைய ஆள் என்று உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: நான் நன்றாக நீந்துவேன், கல்லூரியில் பதக்கம் வாங்கியவன். சிகாடெலா கடற்கரையில் குளிக்கலாமா?

பதில்: வேண்டாம். வந்த கேள்விகளிலேயே எனக்கு அதிகம் பயம் தந்தது இதுதான்.

துப்பாக்கியைப் பற்றிப் பத்துப் பேர் கேட்டீர்கள், கடலைப் பற்றி ஒருவர். அந்த ஊருக்குப் போகிற சாதாரணப் பயணியின் உயிருக்குப் பெரிய ஆபத்து கடலில்தான் இருக்கிறது. சிகாடெலா சுமார் மூன்று கிலோமீட்டர் நீளும் அழகான மணல். தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் இறங்கத் தோன்றும். ஆனால் கரைக்கு மிக அருகே வரை கடல் ஆழமாக இருக்கிறது. அதனால் தெற்குப் பசிபிக்கின் புயல்களிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வரும் அலை வேகம் குறையாமல் வந்து, கரையோரத்தில் ஒரே அடியாக உடைகிறது. உலகத்தின் தேர்ந்த அலைச்சறுக்கு வீரர்கள் அதற்காகத்தான் அங்கே வருகிறார்கள். அவர்களுக்கே அங்கே எலும்பு முறிகிறது. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை அலைகள் இன்னும் பெரிதாக வரும்.

நான் குடியிருந்த காலத்தில் ஒரு மாலை. ஒரு கணவனும் மனைவியும் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போகும் தண்ணீர் இருவர் காலையும் வாரிவிட்டது. நான் எழுந்து நிற்பதற்குள் அவர்கள் அலை உடையும் இடத்துக்குப் போய்விட்டார்கள். உயிர்காப்பாளர்கள் இருவர் ஓடிப்போய், ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார்கள். முதலில் கரைக்கு வந்த அந்த அம்மா மணலில் உட்கார்ந்து, கணவர் வரும்வரை ஒரு சொல் பேசவில்லை. இருவரும் பிழைத்தார்கள். உயிர்காப்பாளர்கள் அந்த நேரம் பணியில் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள். கொடியே இல்லையென்றால் பத்திரம் என்று அர்த்தமில்லை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றும் இருக்கலாம். எங்காவது நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி முட்டி மோத வேண்டாம். மிதந்தபடி கையை உயர்த்திக் காட்டுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு திரும்புங்கள். கிழக்கே ஒரு மணி நேரத்தில் சிபோலிடே என்ற கடற்கரை இருக்கிறது. அந்தப் பெயருக்கு இறந்தவர்களின் கடற்கரை என்று பொருள் சொல்வார்கள். அங்கேயும் இதே எச்சரிக்கைதான்.

கேள்வி: தனியாகப் போகும் பெண் நான், வயது 29. லா புண்டாவில் தங்கலாமா?

பதில்: தங்கலாம்மா. தனியாக வரும் பெண்கள் நிறையப் பேர் அங்கேதான் தங்குகிறார்கள், பேச்சுத்துணை எளிதாகக் கிடைக்கும். பகலில் எனக்கு அங்கே பயம் இருந்ததே இல்லை. இருட்டிய பிறகு ஒரே விதி: மணலில் நடக்காதீர்கள். லா புண்டாவிலிருந்து சிகாடெலா வரை நிலா வெளிச்சத்தில் நடந்து போகலாம் என்று தோன்றும். கடற்கரையில் நடக்கும் வழிப்பறிகள் பெரும்பாலும் அந்த மாதிரி இருட்டான, ஆளில்லாத இடங்களில்தான். என் தோழி ஒருத்தி அப்படித்தான் போனையும் பணத்தையும் பறிகொடுத்தாள். காயம் இல்லை, ஆனால் மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிட்டாள். தூரம் குறைவென்றாலும் டாக்சி எடுங்கள். விடுதியிலோ கடையிலோ கூப்பிட்டுத் தரச் சொன்னால் தருவார்கள். மீட்டர் கிடையாது, ஏறும் முன் காசைப் பேசிக்கொள்ளுங்கள்.

குடித்தால், பானம் உங்கள் கண் முன்னால் ஊற்றப்பட்டதாக இருக்கட்டும். எழுந்து போனால் திரும்பி வந்து அதைத் தொடாதீர்கள். தங்கும் அறையைப் பதிவு செய்யும் முன் பெண்கள் எழுதிய விமர்சனங்களை மட்டும் தேடிப் படியுங்கள். கதவுப் பூட்டு, தெருவிளக்கு, இரவில் வரவேற்பில் ஆள் இருப்பது பற்றியெல்லாம் அவர்கள்தான் எழுதியிருப்பார்கள். போன் பறிபோனாலும், பொருளுக்காக ஒருவரோடும் மல்லுக்கட்டாதீர்கள். அவசரத்துக்கு 911.

கேள்வி: ஒஹாகா நகரத்திலிருந்து கார் எடுத்து வரலாமா?

பதில்: பகலில் வரலாம். முன்பெல்லாம் மலை வளைவுகளில் ஆறேழு மணி நேரம் குடலைப் பிரட்டிக்கொண்டு வருவோம். 2024 பிப்ரவரியில் புதிய நெடுஞ்சாலை திறந்தபின் சுமார் மூன்று மணி நேரம்தான். ஆனால் சூரியன் மறைந்தபின் ஓட்டாதீர்கள். கொள்ளைப் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். விளக்கே இல்லாத சாலையில் மாடு நிற்கும், அறிவிப்பே இல்லாமல் "தோப்பே" எனும் வேகத்தடை வரும். ஒஹாகாவில் சாலை மறியலும் அடிக்கடி நடக்கும். ஆசிரியர் சங்கமோ ஒரு கிராமமோ கோரிக்கை வைத்துச் சாலையில் உட்கார்ந்தால் மணிக்கணக்கில் நிற்க வேண்டியதுதான். உங்களுக்கு ஒன்றும் ஆகாது, விமானம் போய்விடும். எனவே திரும்பும் விமானத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே நகரத்துக்கு வந்துவிடுங்கள். மறியலை ஒருபோதும் தாண்டிப்போக முயலாதீர்கள். காரே வேண்டாம் என்றால் பஸ் இருக்கிறது, ஊருக்கே விமான நிலையமும் இருக்கிறது.

கேள்வி: தண்ணீர், ஐஸ், ஏடிஎம்?

பதில்: குழாய்த் தண்ணீர் கூடாது, பெரிய கேன் தண்ணீர் எல்லா விடுதியிலும் இருக்கும். நடுவில் துளை உள்ள ஐஸ் தொழிற்சாலையில் சுத்த நீரில் செய்தது, பயமில்லை. பணம் வங்கிக்குள் இருக்கும் இயந்திரத்தில், பகலில் மட்டும் எடுங்கள். மருந்தைக் கையோடு கொண்டுபோங்கள். மெக்சிகோவின் சில சுற்றுலா ஊர்களில் மருந்துக்கடையிலேயே போலி மாத்திரை விற்றதாக 2023-இல் அமெரிக்க அரசு எச்சரித்தது.

கேள்வி: ஜூன் மாதம் மலிவாக இருக்கிறதே, புயல் செப்டம்பரில்தானே வரும்?

பதில்: இந்தக் கரையில் அப்படி நினைக்க முடியாது. பசிபிக் புயல் காலம் மே 15-இலேயே தொடங்கிவிடும். 2022 மே 30-இல் அகாதா புயல் இதே கரையில் உள்ள புவேர்ட்டோ ஆன்ஹெல் அருகே கரையைத் தொட்டது. 2025 ஜூன் 19-இல் எரிக் புயல் மூன்றாம் வகை வலுவோடு பினோட்டேபா பக்கம் ஏறியது. முதல்முறை போகிறவர்களுக்கு நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்லது. நிலநடுக்கத்துக்கு மாதம் கிடையாது. 2020 ஜூனில் இதே ஒஹாகா கரையில் இருக்கும் ஹுவாதுல்கோ அருகே 7.4 அளவில் வந்தது. கடற்கரையில் இருக்கும்போது பலமாக ஆடினால் அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

கேள்வி: மசத்லானில் விடுதி பாதி விலை. அங்கே போகலாமா? கூட ஆறு வயதுப் பிள்ளை வருகிறது.

பதில்: இப்போதைக்கு நான் போகமாட்டேன். மசத்லான் நல்ல ஊர், மக்கள் அருமையானவர்கள். ஆனால் அது சினலோவா மாநிலம். 2024 செப்டம்பரிலிருந்து அங்கே ஒரே போதைப்பொருள் கும்பலின் இரு பிரிவுகள் மோதிக்கொண்டிருக்கின்றன. 2023 ஜனவரியில் கும்பல் தலைவன் ஒருவனைக் கைது செய்ததைத் தொடர்ந்து மசத்லான் விமான நிலையத்தையே மூடினார்கள். பிள்ளையோடு விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வதற்குப் பாதி விலை ஈடாகாது. உங்களுக்கு ஹுவாதுல்கோதான் சரி. 1980-களில் அரசு திட்டமிட்டுக் கட்டிய ஊர், ஒன்பது விரிகுடாக்கள், அவற்றில் பலவற்றில் தண்ணீர் குளம்போல நிற்கும்.

கேள்வி: இந்தியக் கடவுச்சீட்டு. தனி விசா வேண்டுமா?

பதில்: செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, பிரிட்டன், ஜப்பான் அல்லது ஷெங்கன் விசாவோ, அங்கே நிரந்தர வசிப்புரிமையோ இருந்தால் மெக்சிகோ விசா தேவையில்லை. விசா எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: அக்கா, முதலில் கேட்ட தம்பிதான். வரைபடம் காட்டினேன், அம்மா சரி என்றுவிட்டார். முதல் நாள் எங்கே குளிக்கட்டும்?

பதில்: கரிசலிலோ. 160-க்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் போக வேண்டிய சின்ன விரிகுடா, பாறைகள் இரு பக்கமும் அணைத்திருப்பதால் அலை தணிந்து வரும். காலை எட்டு மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது. அங்கேயும் இறங்கும் முன் உயிர்காப்பாளரிடம், அவர் இல்லையென்றால் படகுக்காரரிடம், இன்று கடல் எப்படி என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினால் அன்று மணலிலேயே உட்கார்ந்து இளநீர் குடியுங்கள். அப்புறம் அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள்.